மடிப்பைப் பார்த்துவிட்டுக் களிம்பு கொடுங்கள்: பொது மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நகரங்களிலும் பொது மருத்துவம் பார்க்கும் மருத்துவர்களுக்கும், மருந்துக்கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்களுக்கும்,

வணக்கம்.

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன்; வயது 48. மார்புக்கு அடியிலுள்ள மடிப்பிலும், தொப்புளிலும், பின்புறப் பிளவிலும் எனக்கு வந்திருந்தது சொரியாசிஸ் என்பது தெரிய மூன்றரை ஆண்டுகள் பிடித்தன. அதுவரை அதற்கு இட்ட பெயர் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. படர்தாமரைக்கென்று கொடுக்கப்பட்டதையெல்லாம் பூசினேன், விழுங்கினேன், ஊசியாகவும் போட்டுக்கொண்டேன். மருந்து தந்தவர்கள் எல்லோரும் எனக்கு நல்லது செய்வதாக எண்ணித்தான் தந்தார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மூன்றரை ஆண்டுகளில் மூன்று மருந்துக்கடைகளும் இரண்டு கிளினிக்குகளும் ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மருந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

2019ஆம் ஆண்டு கத்திரி வெயிலில், வலது மார்பின் அடியில் ஓர் எரிச்சலாக அது தொடங்கியது. வேர்க்குரு என்று எண்ணிப் பவுடர் போட்டேன். இரண்டு வாரத்தில் அந்த மடிப்பின் நீளம் முழுவதும், கோடு கிழித்தாற்போன்ற ஓரத்தோடு ஒரு பட்டை உருவாகியிருந்தது. கண்ணாடி முன் நின்று பார்த்தபோது, சுற்றியிருந்த தோலைவிடக் கருஞ்சிவப்பாக, எண்ணெய் தடவித் துடைத்தது போன்ற மினுமினுப்போடு தெரிந்தது. செதில் இல்லை, கொப்புளம் இல்லை, நீர் வடியவும் இல்லை. ஊறலைவிட எரிச்சலே மிகுதி. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்போது உள்ளாடையின் விளிம்பு உரசிக் கண்ணில் நீர் வந்துவிடும். சில மாதங்களில் இடப்பக்கமும் ஏறத்தாழ அதே அளவில், அதே உருவில் ஒன்று வந்தது. பிறகு தொப்புள். பிறகு பின்புறப் பிளவின் மேல்முனை. அங்கே ஆழத்தில் பிளேடால் கீறியது போல் ஒரு வெடிப்பு, உட்கார்ந்து எழும்போதெல்லாம் திறந்துகொண்டது.

முதலில் போனது எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்கு. கடைமுன் நான்கைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, “வேர்வை தங்குற இடத்துல எரியுது தம்பி, ஒரு ஆயின்மெண்ட் குடுங்க” என்றேன். “ஊறல் இருக்கா டீச்சர்? படர்தாமரைதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுங்க, ஒரு வாரத்துல போயிரும்” என்று சொல்லி, டியூபை நாளிதழ்த் துண்டில் சுருட்டி, மற்றவர்கள் பார்க்காதபடி நீட்டினார் கடைக்காரத் தம்பி. எனக்கு அப்போது அது பெரிய உபகாரமாகத் தோன்றியது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வெட்கத்தில் திரும்பி நடந்திருப்பேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். என் மானத்தைக் காப்பாற்றிய அந்தத் தாள் சுருளுக்குள் இருந்தது என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றரை ஆண்டு கழித்து, அதே பெட்டியின் பொடி எழுத்துகளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஓர் ஆன்டிபயாட்டிக், அவற்றோடு குளோபீட்டசால் என்னும் ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகுப்பைச் சேர்ந்தது அது. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது என்றும், முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பூசவே கூடாது என்றும் அதன் மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. நான் அதை மார்படி மடிப்பில், விட்டுவிட்டு மூன்றரை ஆண்டுகள் பூசியிருக்கிறேன். மடிப்புத் தோல் மெல்லியது; தோலும் தோலும் ஒட்டிக்கொண்டு மூடி போட்டது போல் இருப்பதால், பூசிய மருந்தை மற்ற இடங்களைவிட அதிகமாக உறிஞ்சும். ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொண்டு 1967இல் வெளியான ஆய்வொன்றில், முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை 1 என்று வைத்துக்கொண்டால் அக்குள் 3.6 மடங்கும், விதைப்பைத் தோல் 42 மடங்கும் உறிஞ்சுவதாகத் தெரியவந்தது. இது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் செய்திதான். என் தோலில் அது வெள்ளைக் கோடுகளாக இருக்கிறது: பிள்ளைப்பேற்றுத் தழும்பு போல, மார்புக்கு அடியில் இரு பக்கமும். அவை இனி மறையமாட்டா.

இந்தக் களிம்பின் கொடுமை என்னவென்றால், அது முதலில் வேலை செய்தது. சொரியாசிஸ் ஓர் அழற்சி நோய். ஸ்டீராய்டு பட்டதும் அழற்சி தணியும். நான்காம் நாளே எரிச்சல் அடங்கியது, பத்தாம் நாள் பட்டை மங்கியது, கடைக்காரத் தம்பியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். களிம்பை நிறுத்திய இரண்டாம் வாரம் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. மீண்டும் டியூப், மீண்டும் தணிவு, மீண்டும் வரவு. ஒவ்வொரு தணிவும் ‘படர்தாமரை மருந்துக்குக் கேட்கிறது, ஆகவே இது படர்தாமரைதான்’ என்ற எண்ணத்தை எனக்கும் கொடுப்பவர்களுக்கும் உறுதிப்படுத்தியது. கேட்டது எந்த மருந்துக்கு என்பதை அறிய வழியில்லாமல் மூன்றையும் ஒரே டியூபில் கலந்து வைத்திருந்தார்கள்.

உண்மையிலேயே படர்தாமரையாக இருந்திருந்தாலும் இதே டியூப் தீங்குதான் செய்திருக்கும். ஸ்டீராய்டு பூசிய படர்தாமரை தன் வட்டத்தையும் ஓரத்தையும் இழந்து அடையாளம் தெரியாமல் பரவும் என்பதை ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1968இலேயே விவரித்து, டீனியா இன்காக்னிட்டோ என்று பெயரும் இட்டார்கள். பூஞ்சை இருந்தாலும் கெடுதல், பூஞ்சை இல்லாவிட்டாலும் கெடுதல் என்ற நிலையில் உள்ள ஒரு களிம்பை, நோய் எதுவென்று தெரியாதபோது கொடுப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

சட்டம் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லமாட்டேன். தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் 14க்கு இருந்த விலக்கை ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2018 மார்ச்சில் நீக்கி, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் அவற்றைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, இத்தகைய கலவைக் களிம்புகள் பலவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. நான் என் முதல் டியூபை வாங்கியது 2019இல். பெட்டியின் மூலையில், மருத்துவர் சீட்டு வேண்டும் என்பதைக் காட்டும் ‘ஆர்எக்ஸ்’ என்ற குறி இருந்தது. சீட்டு எங்கே என்று அன்றும் அதன்பின் ஒருநாளும் என்னை யாரும் கேட்கவில்லை.

அடுத்து மருத்துவர்களிடம் வருகிறேன். முதல் கிளினிக்கில் ‘மார்புக்கு அடியில்’ என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே, “சுகர் பார்த்திருக்கீங்களா?” என்ற கேள்வி வந்தது. மடிப்பில் புண் என்றால் கேண்டிடா பூஞ்சை, கேண்டிடா என்றால் சர்க்கரை என்ற வழியில் அவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனையில் தவறில்லை. மூன்று முறை இரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இல்லை. அதன்பிறகும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் எழவில்லை. ஆறு வாரத்துக்கு டெர்பினாஃபின் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரை எழுதினார். இந்த மாத்திரை சிலருக்குச் சொரியாசிஸைத் தூண்டவோ கூட்டவோ செய்யும் என்று மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். எனக்கு அதனால்தான் கூடியதா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த ஆறு வாரத்தின் முடிவில்தான் தொப்புளுக்குள் அது வந்தது.

இரண்டாவது கிளினிக்கில் ஊறலை அடக்க ஊசி போட்டார்கள், மாதம் ஒன்றாக நான்கு. அதுவும் ஸ்டீராய்டு என்பது எனக்குச் சொல்லப்படவில்லை. சொரியாசிஸ் உள்ள உடம்புக்கு ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு முழுவதும் சீழ்க்கொப்புளங்களாகவோ, தலை முதல் கால் வரை தோல் சிவந்து உரியும் நிலையாகவோ அது வெடிக்கலாம். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஊரடங்கு வந்து கிளினிக் மூடியதால் என் ஊசிகள் நின்றன. உடம்பு முழுவதும் பரவாமல் போனது என் நல்ல காலம்.

தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் என்பதால் எனக்கு ஒரு சொல் உறுத்துகிறது. இந்த நோய்க்கு நம் மொழியில் புழங்கும் பெயர்களில் ஒன்று செதில்படை. செதில் உதிர் நோய் என்றும் எழுதுகிறார்கள். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். சொரியாசிஸ் என்றதும் முழங்கையிலும் முழங்காலிலும் மீன்செதில் போல வெள்ளி நிறத்தில் உதிரும் தோல்தான் மக்களுக்கு நினைவு வரும். உங்களில் பலருக்கும் அப்படியே இருக்கக்கூடும். மடிப்பில் வரும் சொரியாசிஸில் அந்தச் செதிலே இருப்பதில்லை, இருந்தாலும் மிகக் குறைவு. வேர்வையும் உராய்வும் செதிலைத் தங்கவிடுவதில்லை. பெயரிலேயே செதில் உள்ள நோய் செதில் இல்லாமல் வந்து நிற்கும்போது, அதை அந்தப் பெயரால் அழைக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. வழக்கமான சொரியாசிஸ் கைகால்களின் புறப்பக்கத்தில் வருவது. இது அதற்கு நேர்மாறாக மடங்கும் பக்கத்தில் வருவதால், தலைகீழ்ச் சொரியாசிஸ் என்ற பொருளில் ‘இன்வெர்ஸ் சொரியாசிஸ்’ என்று தோல் மருத்துவர்கள் அழைக்கிறார்கள். அக்குள், மார்படி, தொப்புள், தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, பின்புறப் பிளவு, காதின் பின்மடிப்பு ஆகியவை இது விரும்பும் இடங்கள். பெயர் மாறாட்டம் இந்த நோய்க்குப் பழகிப்போன ஒன்று: நெடுங்காலம் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பப்பட்டு, 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ராதான் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார் என்கிறார்கள்.

இது அரிதானது என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. சொரியாசிஸ் உள்ளவர்களில் 3 முதல் 7 சதவீதத்தினருக்கு இந்த வடிவம் உண்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடப் பல மடங்கு சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. மடிப்பைத் திறந்து பார்த்தால்தானே எண்ணிக்கையில் சேரும் என்பதால், இந்த வேறுபாடு எனக்கு வியப்பாக இல்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் அறிவேன். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியாவில் படர்தாமரை ஒரு கொள்ளைநோய் போலவே பரவிக்கிடக்கிறது. டெர்பினாஃபினுக்கு எளிதில் கட்டுப்படாத ஒரு பூஞ்சை இனத்துக்கு, 2020இல், இந்தியாவின் பெயரையே சேர்த்து டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று பெயர் சூட்டும் அளவுக்கு நிலைமை போனது. தொடையிடுக்கில் ஊறல் என்று உங்களிடம் வருவோரில் பெரும்பாலோருக்குப் படர்தாமரைதான் இருக்கும். காலையில் நூறு பேரைப் பார்த்து, மாலையில் இன்னொரு நூறு பேருக்காகக் காத்திருக்கும் ஒரு மருத்துவர், மிகுதியாகக் காணும் நோயையே முதலில் நினைப்பது இயல்பு. நான் கேட்பது, இரண்டாம் முறை அதே நபர் அதே இடத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போதாவது வேறொன்றை நினைத்துப் பாருங்கள் என்பதுதான்.

பார்த்தால் வேறுபாடு தெரியும் என்பதை எனக்குக் காட்டியவர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவில் பயிற்சியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர். 2022 நவம்பரில் அங்கே போனேன். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றேன். உள்ளே போனதும் அவர் என் சீட்டுகளைப் புரட்டவில்லை. “அம்மா, திரையை இழுத்துட்டேன், சிஸ்டர் கூட இருக்காங்க. சேலையைத் தளர்த்திட்டுப் படுங்க, முழுசாப் பார்த்திடறேன்” என்றார். கைவிளக்கோடு குனிந்து, மார்பின் அடி, தொப்புள், பாவாடை நாடா அழுத்தும் இடுப்புக் கோடு, பின்புறம் என்று வரிசையாகப் பார்த்தார். காது மடலை மடக்கிப் பார்த்தார். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். கடைசியில் என் பத்து விரல்களையும் வாங்கி விளக்கின்கீழ் வைத்துக்கொண்டு, இடக்கைக் கட்டைவிரல் நகத்தை எனக்கே திருப்பிக் காட்டினார். தையல் விரற்கூட்டில் இருப்பது போல ஊசிமுனைக் குழிகள் ஏழெட்டு. சிறுவயதில் கதவில் நசுங்கியதன் தழும்பு என்று நான் நினைத்திருந்த அவை சொரியாசிஸின் அடையாளம்.

களிம்புகளையெல்லாம் மூன்று வாரம் நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அந்த மூன்று வாரங்கள் கொடியவை. நிறுத்தினால் கூடும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினேன். திரும்பிப் போனபோது, பட்டையின் ஓரத்தை மழுங்கிய கத்தி விளிம்பால் மெல்லச் சுரண்டி, மாவு போல உதிர்ந்ததைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். பதினைந்து நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சை இழை ஒன்றும் இல்லை. வேறு இடத்திலும் சுரண்டிப் பார்த்தார், அங்கும் இல்லை. புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தார்; எரித்ராஸ்மா என்னும் பாக்டீரியாத் தொற்றாக இருந்தால் பவளச் சிவப்பாக ஒளிருமாம், ஒளிரவில்லை. பிறகு 4 மில்லிமீட்டர் அளவில் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதன் முடிவு வரும் முன்பே இது சொரியாசிஸ்தான் என்று அவர் சொல்லிவிட்டார்: படர்தாமரை என்றால் ஓரம் தடித்து நடுப்பகுதி ஆறிக்கொண்டே வெளிநோக்கிப் பரவும், கேண்டிடா என்றால் பட்டையைச் சுற்றிச் சிறு சிறு கொப்புளங்கள் சிதறியிருக்கும், இதுவோ நடுவும் ஓரமும் ஒன்று போல, வழுவழுப்பாக, இரு பக்கமும் ஒப்பாக, ஆழத்தில் வெடிப்போடு இருக்கிறது. புத்தகங்களில் சிவப்பு என்று எழுதியிருப்பதை நம் நிறத்துத் தோலில் தேடினால் கிடைக்காது, கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோதான் இருக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அந்தப் பெண் என் விரல்களைப் பிடித்துப் பார்த்ததற்கு நான் வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்ல வேண்டும். “காலையில எழுந்ததும் கை மடக்க வருதாம்மா?” என்று கேட்டார். வரவில்லை. வலது ஆள்காட்டி விரல் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக வீங்கியிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் சாக்பீஸ் பிடிக்க முடியும். எழுதி எழுதி வந்த வலி என்று அதற்கும் நானே பெயர் வைத்திருந்தேன். சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் வரை மூட்டழற்சி வரக்கூடும். தலைத்தோல், நகம், பின்புறப் பிளவு ஆகிய இடங்களில் நோய் உள்ளவர்களுக்கு அதற்கான வாய்ப்பு கூடுதல் என்று 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியிருக்கிறது. யாரும் பார்க்காத அந்தப் பிளவு, மூட்டுகளைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்துக்கொண்டிருந்திருக்கிறது. மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. என் விரல் இப்போது முழுமையாக மடங்குவதில்லை.

இன்று மடிப்புகளுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு பூசுகிறேன். ஸ்டீராய்டு அல்ல, முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும், தோலை மெலிய வைக்காது. மூட்டுக்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக நாளுக்கு ஒன்று என்று விழுங்கி இரத்தம் உற்பத்தியாவதே நின்று இறந்தவர்கள் உண்டு. முதன்முறை வாங்கப் போனபோது, அந்தக் கடையிலிருந்த மருந்தாளுநர் அம்மா என் சீட்டை இரண்டு முறை படித்தார். எந்தக் கிழமை போடுவீர்கள் என்று கேட்டு, மாத்திரை அட்டையின்மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று தடித்த பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஒரு மருந்தாளுநரின் அரை நிமிடக் கவனம் எவ்வளவு பெரியது என்பதை அந்த எழுத்தில் கண்டேன். அந்த அட்டையைத் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

வெட்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. மடிப்பில் நோய் என்றால் வீட்டிலேயே முதல் குற்றச்சாட்டு, சரியாகக் குளிப்பதில்லை என்பது. நாளுக்கு மூன்று முறை வெந்நீரில் குளித்து, பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கூடியது. அடிபட்ட, உராய்ந்த தோலில் சொரியாசிஸ் புதிதாக எழும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற மருத்துவர் கண்டு சொல்லியிருக்கிறார். அடுத்த ஐயம், இது ஒட்டுமா என்பது. பிறப்புறுப்பை ஒட்டிய இடத்தில் வரும்போது கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே வேறொரு ஐயமும் வந்து படுத்துக்கொள்கிறது. கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1994 முதல் புழக்கத்தில் இருக்கிறது; அதன் ஒன்பதாவது கேள்வி தாம்பத்திய உறவைப் பற்றியது. அந்தப் படிவத்தைத் தோல் பிரிவில் நிரப்பியபோது, இப்படி ஒரு கேள்வியை மருத்துவம் கேட்கும் என்பதே எனக்குத் தெரியாது. “இது தொற்று நோய் இல்லை, இவங்களுக்கு யார்கிட்டேருந்தும் வரலை, இவங்ககிட்டேருந்து யாருக்கும் போகாது” என்று அந்த மருத்துவர் என் கணவரை உள்ளே அழைத்துச் சொன்ன நாளில், எங்கள் வீட்டில் மூன்றரை ஆண்டுகளாக இருந்த ஓர் இறுக்கம் தளர்ந்தது.

சொரியாசிஸ் குறித்து உலகச் சுகாதார மன்றம் 2014 மே மாதம் நிறைவேற்றிய தீர்மானம், தவறான கணிப்பாலும் தாமதமான கணிப்பாலும் மிகப் பலர் வீணாக அல்லலுறுகிறார்கள் என்று வெளிப்படையாகவே ஏற்றுக்கொள்கிறது. இந்தியாவும் உறுப்பினராக உள்ள மன்றம் அது. அந்த ஒப்புதல் எங்கள் ஊர்க் கிளினிக் மேசை வரைக்கும் வந்து சேர என்ன செய்யலாம் என்று யோசித்தேன். பெரிய கருவி எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவர்களே, ஒரு திரைச்சீலையும் ஒரு கைவிளக்கும் கூட நிற்க ஒரு பெண் உதவியாளரும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். நாங்களாகக் காட்டமாட்டோம், ‘பார்க்கணும், காட்டுங்க’ என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதை நீங்கள் இயல்பாகச் சொன்னால் நாங்களும் இயல்பாகக் காட்டுவோம். மடிப்பைப் பார்த்த கையோடு நகத்தையும் காதின் பின்புறத்தையும் தலையையும் பாருங்கள். காலையில் கை மடங்குகிறதா என்றும், வீட்டில் வேறு யாருக்காவது சொரியாசிஸ் உண்டா என்றும் கேளுங்கள். நான்கு வாரம் பூஞ்சை மருந்து கொடுத்தும் ஆறவில்லையென்றால் மருந்தை மாற்றும் முன் நோயின் பெயரை ஐயப்படுங்கள். சுரண்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு சொட்டு மருந்தும் நுண்ணோக்கியும் போதும். சளிப் பரிசோதனைக்காக நுண்ணோக்கி வைத்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்ய முடியாதா என்று உங்கள் துறைக் கூட்டங்களில் கேளுங்கள். முடியாத இடத்தில், ஒரு துண்டுச்சீட்டில் ‘தோல் பிரிவு’ என்று எழுதி எங்களை அனுப்பிவிடுங்கள். அனுப்புவதை நாங்கள் குறைவாக எண்ணமாட்டோம்.

மருந்தாளுநர்களே, உங்கள் கடையில் நின்று அந்த இடத்தைக் காட்ட எங்களால் முடியாது. நீங்கள் பார்க்கவும் கூடாது. அதனாலேயே அந்த டியூபை நீங்கள் கொடுக்கக் கூடாது. வெறும் கையோடு அனுப்பினால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள் என்ற உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: “இது எத்தனையாவது டியூப்?” இரண்டாவது என்று பதில் வந்தால், இதை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று சொல்லுங்கள். என்னிடம் இந்தக் கேள்வியை 2019இல் யாராவது கேட்டிருந்தால், 2020ஐ நான் வேறு விதமாகக் கழித்திருப்பேன்.

சென்ற மாதம் எங்கள் பள்ளியில் சத்துணவுக்கூடத்தில் பணிபுரியும் அக்கா ஒருவர், மதிய இடைவேளையில் என்னைத் தனியே அழைத்து, நாளிதழில் சுருட்டிய ஒரு டியூபைக் காட்டி, “டீச்சர், ஒங்களுக்கு இருந்தது இதுதானா?” என்று கேட்டார். எத்தனையாவது டியூப் என்றேன். ஆறோ ஏழோ என்றார். அடுத்த புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நானே அவரைத் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு இருந்தது படர்தாமரைதான். களிம்பால் உருமாறி இடுப்பிலிருந்து முழங்கால் வரை பரவியிருந்தது. கண்ணாடித் துண்டில் இழைகள் தெளிவாகத் தெரிந்தன. ஸ்டீராய்டு இல்லாத மருந்து எழுதிக் கொடுத்து, வீட்டிலுள்ள எல்லோரையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மடலை அச்செடுத்து, எங்கள் ஊரிலுள்ள மருந்துக்கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வரும் சனிக்கிழமை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். முதல் டியூபைத் தாளில் சுருட்டித் தந்த தம்பியின் கடைக்கும் வருவேன். அவரோடு எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அவர் கடை நான்கு தெருக்காரர்களுக்கு முதல் ஆஸ்பத்திரி. அதனால்தான் அவர் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
மதுரை மாவட்டம்.